மிளகும் மஞ்சளும்தானே

டில்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் செக்டரில் இருந்த தமிழ் வீடுகளில் சாம்பார்ப் பொடி தீர்ந்தால் யாரும் கடைக்கு ஓட மாட்டார்கள். என் எதிர்வீட்டுக் கோமதியிடம் ஒரு காலி டப்பாவைக் கொடுத்துவிட்டால் போதும். கோமதி திருநெல்வேலிக்காரி. மல்லியும் மிளகாயும் மிளகும் விரலி மஞ்சளும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் பொறுக்கி வாங்கி, மொட்டை மாடியில் காயவைத்து, இரும்புச் சட்டியில் பக்குவமாக வறுத்து, தூக்குவாளியில் போட்டு ஆட்டா சக்கி என்கிற மாவு மில்லுக்கு எடுத்துப்போவாள். அவள் வறுக்கிற நாளில் எங்கள் மாடிப்படி முழுக்கத் தும்மல்தான். மேல்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்து சண்டை போடுவாள். திரும்பிப் போகும்போது ஒரு கிண்ணம் ரசப்பொடி வாங்கிக்கொண்டு போவாள்.

சக்கிக்காரனோடு பேச மட்டும் கோமதிக்கு ஆள் வேண்டும். மிளகாய் அரைத்த கல்லில் கோதுமை அரைத்தால் ஊர் மொத்தமும் காறித் துப்பும் என்பது அவன் கட்சி. கல்யாணமாகி வந்து இத்தனை வருஷம் ஆகியும் கோமதிக்குக் கறிகாய் பேரம் பேசுகிற அளவுக்குத்தான் ஹிந்தி. மிச்சத்தை அவள் மகள் மது பேசுவாள். ஏழு வயசு. "பையா, பெஹ்லே ஹல்தி, பாத் மே மிர்ச்சி" என்று, முதலில் மஞ்சள் பிறகுதான் மிளகாய் என அவனுக்கு உத்தரவு போட்டுவிட்டு அம்மா பக்கம் திரும்பி, "ஓகே சொல்லிட்டான்மா, ஆனா குஸ்ஸால, கோவத்துல இருக்கான்" என்பாள். பஸ்ஸிலும் டிஸ்பென்சரியிலும் இதே கதைதான். பள்ளிக்கூடத்தில் டீச்சர் மதுவைப் பற்றியே புகார் சொன்னாலும் அதை மதுதான் அம்மாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொல்லிவிட்டு அடியும் வாங்கிக்கொள்வாள்.

அவள் அப்பா மாணிக்கவாசகம் மத்திய அமைச்சகம் ஒன்றில் அசிஸ்டென்ட். நெற்றி நிறைய விபூதி. கிருத்திகை தவறாமல் மலை மந்திர் முருகன் கோவில். ஃபைலில் நோட்டிங் எழுதுவதில் கெட்டிக்காரர் என்று பேர். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். மாடிப்படியில் என்னைப் பார்த்தால் ஒதுங்கி வழிவிட்டு, "டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல டூட்டி முடிஞ்சிட்டாக்கா?" என்று விசாரிப்பார். தங்கமான மனுஷன் என்று என் வீட்டுக்காரரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன். இப்போது நினைத்தால் வாய் கசக்கிறது.

வெங்காய விலை ஏறி டில்லியே கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த வருஷம் அது. கோடையிலேயே மது காலையில் எழுந்ததும் வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். பால் ஒத்துக்கொள்ளவில்லை என்றோம். பிறகு தலைவலி என்றாள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிறாள் என்றோம். ஒருநாள் மாடிப்படி ஏறுகிறவள் குடித்தவன் மாதிரி சுவரில் இடித்துக்கொண்டு ஏறினாள். அன்றைக்குத்தான் எல்லோருக்கும் திக்கென்றது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். பின்மண்டையில், சிறுமூளையில் கட்டி.

பெரிய ஆஸ்பத்திரியில் பெட் கிடைப்பது லேசில்லை. ஆப்பரேஷனுக்குத் தேதி கிடைப்பது அதைவிடக் கஷ்டம். அந்தச் சமயத்தில் கைகொடுத்தவர் சங்கரலிங்கம் அண்ணாச்சி. மாணிக்கவாசகத்தின் ஊர்க்காரர். ஜனக்புரியில் சொந்த வீடு. ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் மூலிகைகளிலிருந்து மருந்துச் சத்து பிரித்தெடுக்கிற விஞ்ஞானி. மாணிக்கவாசகம் வேலை கிடைத்து டில்லிக்கு வந்தபோது அவர் வீட்டில்தான் மாசக்கணக்காகத் தங்கியிருந்தார். அண்ணாச்சி யாருக்கோ போன் பண்ணினார், பெட் கிடைத்தது. ஆகஸ்டில் ஆப்பரேஷன் நடந்தது. கோமதி அவர் காலில் விழுந்து கும்பிட்டதை நான் பார்த்தேன். அன்றைக்கு நானும் அவரைக் கும்பிடத்தான் செய்தேன்.

ஆப்பரேஷனுக்கு அப்புறம் தலையில் கரண்ட், அதாவது ரேடியேஷன் வைத்தார்கள். வாரா வாரம் ஊசி. மதுவுக்கு முடி மொத்தமும் கொட்டியது. கோமதி தன் பழைய பட்டுப் புடவையைக் கிழித்து அவளுக்குத் தொப்பி தைத்துப் போட்டாள். அந்த ஊசியைப் பற்றித்தான் அண்ணாச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச ஆரம்பித்தார். கோமதி அடை வார்த்துக்கொண்டிருந்தாள். நான் அடுக்களை வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"அந்த ஊசில என்ன இருக்குன்னு தெரியுமா தங்கச்சி? நித்யகல்யாணி. உங்க ஸ்கூட்டர் ஷெட்டு ஓரத்துல ரோஸ் கலர்ல பூத்துக் கெடக்கே, அதே செடிதான். அது எலையில இருந்து எடுக்கிற சத்து."

கோமதி கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள். "என்ன அண்ணாச்சி சொல்லுதிய? ஊர்ல அதைச் சுடுகாட்டுப் பூன்னு வீட்டுப் பக்கமே அண்ட விட மாட்டாவளே!"

"அதான் சொல்லுதேன். வெளிநாட்டுக்காரன் எடுத்து ஊசியாக்கி நமக்கே குத்துதான். நான் எங்க லேப்ல இப்ப மஞ்சள்ல செஞ்சிக்கிட்டு இருக்கேன். பிள்ளைகளுக்கு வர்ற இதே மூளைக் கட்டிக்குத்தான். கண்ணாடித் தட்டுல கட்டியோட செல்லை வச்சி மஞ்சள் சத்தை விட்டா அப்படியே கருகிப் போகுது. எலிக்கும் குடுத்துப் பாத்தாச்சி."

"நெசமாவா அண்ணாச்சி?" என்றார் மாணிக்கவாசகம். பூஜையில் தீபாராதனை பார்க்கிறவர் முகம் அவருக்கு.

"ஊசியும் போகட்டும். இதுவும் கூடப் போகட்டும். திரும்பக் கட்டி வராம இருக்கணும்லா?"

அந்த ஒரு வார்த்தை போதாதா தாய்க்கு? தீபாவளிக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய மஞ்சள் கேப்சூல்கள் வந்துவிட்டன. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. மதுவுக்கு விழுங்க வராது என்பதால் கோமதி அதைப் பிரித்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவுவாள். உறைப்பாக இருக்கிறது என்று மது மூஞ்சியைச் சுளிப்பாள். அதில் மிளகுச் சத்தும் சேர்ந்திருக்கிறது என்றார் அண்ணாச்சி.

கோமதிக்கு அப்போதே ஒரு சின்ன உறுத்தல். என்னை வைத்துக்கொண்டே கேட்டாள். "என்னங்க, டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் வேற ஏதாவது குடுக்கியளான்னு கேக்காவளே. சொல்லிருவோமா?"

"நல்லாச் சொன்ன போ!" என்று மாணிக்கவாசகம் சிரித்தார். "மிளகும் மஞ்சளும்தானே? நீ தெனமும் ரசத்துல போடல? போன மாசம் சளிக்கு மிளகுப்பால் குடுக்கல? அதை எல்லாம் போயி டாக்டர்கிட்ட ஒப்பிச்சிக்கிட்டு இருக்க முடியுமா? அவ வங்காளத்துக்காரி. இட்லியக் குடுத்தேன்னு சொன்னாலும் எதுக்குன்னுதான் கேப்பா."

நானும் அதில் தப்பு ஒன்றும் பார்க்கவில்லை. மிளகையும் மஞ்சளையும் மருந்து என்று கணக்கில் சேர்க்க நம்மில் யாருக்குத் தோன்றும்? கிலோக் கணக்கில் அதையே வறுத்து அரைக்கிறவள் கோமதி. அவள் விரலிடுக்கைவிட்டு அந்த மஞ்சள் போனதே இல்லை. சாப்பாட்டுச் சாமான் பிள்ளையை என்ன செய்துவிடும்?

டில்லியில் ஜனவரி பிறந்தது. எதிர் பிளாக் தெரியாத பனி. மாவு பொங்காமல் கோமதி பாத்திரத்தை ரஜாய்ப் போர்வைக்குள் வைத்துக் குழந்தையைப் போல மூடி வைத்தாள். அந்தக் குளிரில்தான் மதுவுக்குத் தாடை வலி வந்தது. தோசையைக் கடிக்க முடியாமல் அழுதாள். வயிறு கல்லாகக் கட்டிக்கொண்டது, வெளிக்குப் போகவில்லை. நடக்கும்போது பாதம் நிமிரவில்லை. மொசைக் தரையில் டப் டப் என்று பாதத்தை அடித்து அடித்து நடந்தாள். பிறகு அந்த நடையும் நின்றது. மாணிக்கவாசகம் அவளைத் தூக்கிக்கொண்டு மாடி இறங்கினார்.

டாக்டரம்மா அவள் முழங்காலைத் தட்டிப் பார்த்தாளாம். கால் அசையவே இல்லை. இந்த ஊசிக்குக் கொஞ்சம் நரம்பு இழுக்கும், அது தெரிந்ததுதான், இவ்வளவு இழுக்கக் கூடாது என்றாளாம். வேறு என்ன கொடுக்கிறீர்கள் என்று இரண்டு தடவை கேட்டிருக்கிறாள். இரண்டு தடவையும் மாணிக்கவாசகம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். திங்கட்கிழமை வரைக்கும் ஊசியை நிறுத்தி வைத்து, வீட்டில் இருக்கிற சகல மருந்தையும் எடுத்துக்கொண்டு வரச்சொல்லி அனுப்பினாள்.

கோமதி வந்ததும் வராததுமாக என் வீட்டுக்குத்தான் வந்தாள். "மாலாக்கா, எனக்கு மனசு அடிச்சிக்கிடுது. நான் இன்னைக்கிக் கேப்சூல் குடுக்கல. இவியகிட்டச் சொல்லல. நாளைக்கி ஜனக்புரிக்குப் போறோம். நீங்களும் வாங்க. அண்ணாச்சி முன்னாடி எனக்கு வாய் வராது."

ஞாயிற்றுக்கிழமை. மதுவை என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு மூன்று பேரும் பஸ் பிடித்துப் போனோம். அண்ணாச்சி வீட்டு மாடியில் நல்ல வெயில். அவர் மனைவி எங்களுக்குக் காப்பியும் வாழைக்காய் பஜ்ஜியும் கொண்டுவந்து வைத்தாள். நாங்கள் யாரும் தொடவில்லை. மாணிக்கவாசகம் சுற்றி வளைத்து விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"கால் விழுந்துடுச்சு சார். அதைச் சொல்லுங்க முதல்ல" என்றேன்.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது அந்த ஊசியோட கொணம்மா. எந்தப் புஸ்தகத்துலயும் போட்டிருக்கும்."

கோமதி நிமிர்ந்தாள். "மிளகு எதுக்கு அண்ணாச்சி சேத்திய?"

"மஞ்சள் மட்டும் குடுத்தா ஒடம்புல தங்காது தங்கச்சி. போன வேகத்துல வெளிய போயிரும். மிளகுச் சத்து அதைப் போக விடாது. ஒடம்புல நிறுத்தி வைக்கும். அதுக்குத்தான்."

"அப்பம் ஊசி மருந்தையும் போக விடாம நிறுத்தி வச்சிருமோ?"

அண்ணாச்சி காப்பி டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். இந்தக் கேள்வி அவருக்குப் புதிதல்ல என்பது அந்த முகத்திலேயே இருந்தது. முன்பே தெரிந்து வைத்துக்கொண்டுதான் கொடுத்திருக்கிறார்.

"அதெல்லாம் எலிக்குப் பாத்தது" என்றார் கடைசியில். "பிள்ளைக்கு எப்படின்னு யாருக்குத் தெரியும்? எதையும் ஆரம்பிச்சிப் பாத்தாத்தானே தெரியும்?"

"ஆரம்பிச்சிப் பாக்க எம்பிள்ளைதான் கெடச்சாளா?"

"கோமதி!" என்றார் மாணிக்கவாசகம்.

"விடு மாணிக்கம். தாய் மனசு, கோவம் இருக்கும்லா." அண்ணாச்சியின் குரல் வெண்ணெயாக வழுக்கியது. "பிரியத்துல குடுத்தேன் தங்கச்சி. என் பிள்ளைன்னா குடுக்க மாட்டேனா? ஆனா ஒண்ணு. டாக்டர்கிட்ட எம்பேரு வரக்கூடாது. லேப்ல இருந்து ஒரு துளி வெளிய போனா எனக்குச் சீட்டுக் கிழிஞ்சிரும். ரெண்டு பொம்பளப்பிள்ளைக இருக்கு."

"பேரு வேண்டாம் சார். அதுல என்ன இருக்கு, எவ்வளவு இருக்குன்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க. அது போதும் டாக்டருக்கு" என்றேன்.

"எழுத்துலயா?" என்று அவர் சிரித்தார். "நல்லாருக்கும்மா."

திரும்பி வரும்போது பஸ்ஸில் கோமதி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "எழுதித் தராட்டாப் போட்டும்க்கா. டப்பா இருக்குல்லா. டாக்டரம்மா அதை எங்கயாவது குடுத்துப் பாத்துக்கிடுவாவ" என்றாள். மாணிக்கவாசகம் எங்களோடு வரவில்லை. அண்ணாச்சியோடு கொஞ்சம் பேசிவிட்டு அடுத்த பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தார். சொன்னபடியே சாயங்காலம் வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் குளித்துவிட்டுச் சாமி கும்பிட்டார்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற நேரத்தில் டப்பாவைக் காணவில்லை. சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தது. கோமதி மல்லி டின்னையும் மிளகாய் டின்னையும் கவிழ்த்துக் கொட்டித் தேடினாள். அடுக்களை முழுக்கப் பொடி. தும்மிக்கொண்டும் அழுதுகொண்டும் தேடுகிறாள். மாணிக்கவாசகம் வாசலில் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"நீ தேடாதே. நேத்தே எடுத்துட்டுப் போயி அண்ணாச்சிகிட்டக் குடுத்துட்டேன். அவுக பொருளு, அவுக கேட்டாவ."

கோமதி அப்படியே பொடிக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டாள். நேற்று எங்களோடு பஸ்ஸில் ஜனக்புரிக்கு வரும்போதே அந்த டப்பா அவர் பையில் இருந்திருக்கிறது. எனக்கு அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது. ஆட்டோ கீழே ஹாரன் அடித்தது. மதுவை நான்தான் தூக்கிக்கொண்டேன். பட்டுத் தொப்பியும் ஸ்வெட்டருமாக அவள் என் தோளில் பாரமே இல்லாமல் கிடந்தாள்.

டாக்டரம்மா எங்களுக்காகக் காத்திருந்தாள். மதுவைப் படுக்கையில் கிடத்தி வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள். பிறகு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு மாணிக்கவாசகத்திடம் இங்கிலீஷில், இந்தப் பிள்ளைக்கு மேற்கொண்டு ஊசி போடுவதா நிறுத்துவதா என்று இன்றைக்கு நான் முடிவு செய்யணும், மறைக்காமல் சொல்லுங்கள் என்றாள்.

மாணிக்கவாசகம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், ஆபீசில் டைரக்டர் முன்னால் நிற்கிற மாதிரி. சொன்னார். "மேடம், மை வைஃப் வாஸ் கிவிங் சம்திங். சம் பவுடர் ஃப்ரம் சம் ஷாப். ஐ வாஸ் நாட் அவேர் மேடம். ஷி இஸ் நாட் எஜுகேட்டட்."

கோமதி ஒன்றும் விளங்காமல் புருஷன் முகத்தையும் டாக்டர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். டாக்டரம்மா அவளைப் பார்த்த பார்வை அவளுக்குப் புரியவில்லை. யாராவது சொல்லமாட்டார்களா என்று என் பக்கம் திரும்பினாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் படுக்கையிலிருந்து மதுவின் குரல் வந்தது. தாடை வலியில் ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வந்தது.

"அம்மா, நீதான் குடுத்தியாம். எதோ ஷாப்ல வாங்கி. அப்பாவுக்குத் தெரியவே தெரியாதாம். நீ படிக்கலயாம்."

எப்போதும்போல ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொல்லிவிட்டாள். மாணிக்கவாசகம் தரையைப் பார்த்தார்.

கோமதி அழவில்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு டாக்டரின் மேஜைக்குப் பக்கத்தில் போனாள். வெண்டைக்காய் முற்றல் என்று வண்டிக்காரனோடு சண்டை போடுகிற அதே ஹிந்திதான். ஆண்பால் பெண்பால் எதுவும் கிடையாது. "டாக்டர்ஜி, ஜூட் போல்தா ஹை. மை நஹி லாயா. ஜனக்புரி மே சங்கரலிங்கம் சாப் தியா. ஹல்தி, காலி மிர்ச், லேப் கா கேப்சூல். தீவாலி ஸே. சுபஹ் ஏக், ராத் ஏக். கல் டப்பா வாபஸ் லேகே கயா." அவர் சொல்வது பொய், நான் வாங்கவில்லை, சங்கரலிங்கம் கொடுத்தது, தீபாவளியிலிருந்து காலையில் ஒன்று ராத்திரி ஒன்று, டப்பாவை நேற்றுத் திரும்பக் கொண்டுபோய்விட்டார் என்று கொட்டித் தீர்த்தாள்.

"கோமதி, நிறுத்து. அண்ணாச்சி குடும்பம் தெருவுக்கு வந்துரும்" என்று மாணிக்கவாசகம் தமிழில் கெஞ்சினார்.

அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அவளுக்கு வார்த்தை கிடைக்காத இடத்தில் நான் எடுத்துக் கொடுத்தேன். டாக்டரம்மா மறுபடி மறுபடி கேட்டு எழுதிக்கொண்டாள். மிளகு என்றதும் பேனாவை வைத்துவிட்டாள். அதன் சத்து அடர்த்தியாக உள்ளே போனால் ஊசி மருந்து உடம்பைவிட்டு வெளியேறாமல் தங்கிவிடலாம், அதனால் இருக்கலாம், ஆனால் எவ்வளவு என்று தெரியாமல் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றாள். ரசத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, ஒரு கேப்சூலில் எத்தனை நாள் ரசத்து மிளகு இருந்ததோ என்று தலையிலடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னாள். பிறகு போனை எடுத்து மாணிக்கவாசகத்திடம் நம்பர் கேட்டாள். அவர் மென்று விழுங்கினார். ஆராய்ச்சிக்கூடத்தின் பேரை நான் சொன்னேன். நம்பரை எக்ஸ்சேஞ்சில் என் தோழியிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். அந்த மட்டுக்கு என் உத்தியோகம் உதவியது.

டாக்டரம்மா போனில் அண்ணாச்சியோடு இங்கிலீஷில் பேசினாள். முதலில் மரியாதையாகப் பேசினாள். அப்புறம் குழந்தையின் உயிர் என்று அழுத்திச் சொன்னாள். அந்தப் பக்கத்தில் என்ன பதில் வந்ததோ, போனைச் சாதாரணமாக வைக்காமல் டக்கென்று வைத்தாள். மாணிக்கவாசகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள், இந்தத் தடவை ஹிந்தியில். மது மறுபடியும் அம்மாவுக்குச் சொன்னாள்.

"அம்மா, அங்கிளுக்கு நம்மளைத் தெரியாதாம். அவர் யாருக்கும் எதுவும் குடுக்கலயாம். அப்பா யாருன்னே தெரியாதாம்."

மாணிக்கவாசகத்தின் உதடு மட்டும் அசைந்தது. நான் அவரைப் பார்த்து இரக்கப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. நல்லா வேணும் என்றுதான் மனசு சொன்னது.

மதுவை வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். ஊசியை நிறுத்தி, வயிற்றுக்கு எனிமா கொடுத்து, குளுக்கோஸ் ஏற்றினார்கள். காரிடாரில் பெஞ்சில் உட்கார்ந்ததும் மாணிக்கவாசகம் பேச ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி அப்படிச் சொல்லியிருக்க மாட்டாவ. பக்கத்துல ஆள் இருந்திருக்கும். அதான்."

கோமதி பிளாஸ்கிலிருந்து கஞ்சியை டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நீயும் யோசிச்சிப் பாரு. எனக்கு இந்த ஊர்ல படுக்க இடம் குடுத்தவுக. நம்ம பிள்ளைக்குப் பெட் வாங்கிக் குடுத்தவுக. அவுகளைக் காட்டிக் குடுக்கச் சொல்லுதியா?"

"அதுக்கு என்னைக் காட்டிக் குடுத்துட்டிய."

"உன்னை யாரு என்ன செய்யப் போறா? ரெண்டு வார்த்தை வைவா. கேட்டுட்டுப் போயிருவோம். அவுகளுக்கு வேலையே போயிரும்லா."

"எம்பிள்ளைக்கு நானே விஷத்தை வச்சேன்னு டாக்டரம்மா பாத்தாவளே, அது உங்களுக்கு ரெண்டு வார்த்தையா?" கோமதியின் குரல் அப்போதுதான் உடைந்தது. "டப்பாவைத் தூக்கிக் குடுத்தியளே, அதைச் சொல்லுங்க. அது இருந்தா இந்நேரம் என்ன இருக்குன்னு தெரிஞ்சிருக்கும். உங்களுக்குப் பிள்ளை பெருசா, அந்த ஆள் பெருசா?"

கஞ்சியை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போய்விட்டாள். அதன்பிறகு ஆஸ்பத்திரிக்கு அவரை அவள் உடன் கூப்பிடவே இல்லை. நானோ என் வீட்டுக்காரரோ போனோம். பல நாள் தனியாகவே பஸ்ஸில் போனாள். டாக்டரம்மா கேட்பதற்கு அவளே அந்த உடைந்த ஹிந்தியில் பதில் சொல்லப் பழகிக்கொண்டாள்.

மெதுவாகத்தான் தேறியது. முதலில் வயிறு, பிறகு தாடை. கால் மட்டும் இன்றைக்கா நாளைக்கா என்று இழுத்தடித்தது. ஊசி நின்றுபோன அந்த வாரங்களை நினைத்து டாக்டரம்மாவே பயந்தாள். ஹோலி முடிந்து ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி திரும்ப வந்த அடையாளம் இப்போதைக்கு இல்லை, ஆனால் இப்போதைக்குத்தான், வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றாள். மது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தலையில் பூனை ரோமம் மாதிரி முடி அரும்பியிருந்தது. கோமதி மிளகு வறுப்பதை நிறுத்திவிட்டாள். பொடி கேட்டு வந்தவர்களை ஐ.என்.ஏ.வுக்குப் போகச் சொன்னாள்.

அந்த மாசத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம். மாடிப்படியில் ஹோலிக் கறை இன்னும் போகவில்லை. நான் என் வாசலில் பாயைப் போட்டு வடகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மாணிக்கவாசகம் படியேறி வந்தார். பின்னாலேயே ஒரு பை ஆப்பிளோடு சங்கரலிங்கம் அண்ணாச்சி. எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காதவர் மாதிரி உள்ளே நுழைந்தார். கதவு திறந்தே இருந்தது.

"என்ன மதுக்குட்டி, மாமா வந்திருக்கேன். நடக்கியாமே! நடந்து காட்டு பாப்போம்."

மது அம்மாவின் புடவைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். மாணிக்கவாசகம் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "கோமதி, அண்ணாச்சிக்குக் காப்பி."

கோமதி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. "யாருக்கு?" என்றாள்.

"அண்ணாச்சிக்கு."

"உங்களுக்குத்தான் எங்களைத் தெரியாதே" என்று அவள் நேராக அவரைப் பார்த்துச் சொன்னாள். "தெரியாத வீட்டுக்குள்ள எப்படி வந்திய?"

"தங்கச்சி, அன்னைக்கி என் நெலமை…"

"எனக்கும் உங்களைத் தெரியாது. எந்திரிச்சி வெளிய போங்க."

அண்ணாச்சி மாணிக்கவாசகத்தைப் பார்த்தார். மாணிக்கவாசகம் பெண்டாட்டியைப் பார்த்தார். அந்த நேரத்திலாவது அவர் அங்கேயே நின்றிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு ஆப்பிள் பையை எடுத்து அண்ணாச்சி கையில் கொடுத்து, "வாங்கண்ணாச்சி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வாரேன்" என்று அவரோடு படியிறங்கினார். அவள் ஏதோ புத்தி கலங்கிப் பேசுகிறாள், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று கீழே அவர் சொல்லிக்கொண்டு போனது மாடி வரைக்கும் கேட்டது. கோமதிக்கும் கேட்டது. அவள் கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

அவர் திரும்பி வந்து கதவைத் தட்டினார்.

"கௌன்?" என்றாள் கோமதி உள்ளேயிருந்து. கேஸ்காரனையும் மீட்டர் பார்க்க வருகிறவனையும் யார் என்று கேட்கிற அதே ஹிந்தி, அதே குரல்.

"நான்தான்."

"கௌன்?"

"நான்தான் கோமதி. கதவைத் தெற."

அப்புறம் உள்ளே சத்தமே இல்லை. அவர் கையை எடுக்காமல் கதவில் வைத்தபடியே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"அக்கா, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"என்னன்னு சொல்லட்டும் சார்?" என்றேன். "நீங்க யாருன்னா?"